சில்டர்ன் குன்றுகளின் காரியஸ்தர்

எங்கள் நாட்டில் உறுப்பினர் பதவியை
உதறிவிட்டுப் போக முடியாது.
மன்னரின் பெயரால் வேலையே இல்லாத
ஒரு வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும்.
வாங்கியதும் நாற்காலி தானே கழன்றுவிடும்.

அப்படித்தான் ஒரு புதன்கிழமை மதியம்
சில்டர்ன் குன்றுகளுக்குக் காரியஸ்தர் ஆனார்
ஹால்த்விக் தொகுதியின் உறுப்பினர்.
அந்தக் குன்றுகளில் அவர்
ஒருநாளும் நடந்திருக்க மாட்டார்.
முழங்கால் வலி அவருக்கு.

நாய்களுக்கு முடிவெட்டும் கடைக்கும்
பந்தயக் கடைக்கும் நடுவில் எங்கள் அலுவலகம்.
நான், லோர்னா, ஒழுகும் ஒரு கெண்டி,
இருநூற்றுப் பதினேழு கோப்புகள்.
ஏன் போனார் என்று கேட்டு நிருபர்கள் கதவைத் தட்டினார்கள்.
தெரியாது என்றோம்.
நிஜமாகவே தெரியாது.
கதவுக்குப் பின்னால் அவர் மழைக்கோட்டு தொங்கியது,
பையில் பாதி தின்ற புதினா மிட்டாய்.

லண்டனிலிருந்து மின்னஞ்சல் வந்தது,
எங்களுக்கும் சீட்டுக் கிழித்து.
காகிதம் அரைக்கும் இயந்திரம் செவ்வாய் வரும் என்று
கடைசி வரியில் இருந்தது.

திங்கள் முழுக்கத் தொலைபேசியில் இருந்தேன்.
உங்கள் கோப்பை மூடுகிறோம்,
புது உறுப்பினர் வந்ததும்
முதலிலிருந்து சொல்லுங்கள்.
இதையே நூறு முறை சொன்னதில்
என் குரல் எனக்கே அந்நியமாகிவிட்டது.

கடற்காகங்களைப் பற்றி மட்டும்
நாற்பத்தோரு கடிதம் எழுதிய டெஸ்மண்ட் ஃபர்த்
“பறவைகளிடமும் சொல்லிவிடுங்கள்” என்று வைத்துவிட்டார்.
செலாமாவிட் மட்டும் வைக்கவில்லை.
கணவன் அடிஸ் அபாபாவில், விசா எங்கேயோ,
இடுப்பில் அவன் பார்த்தேயிராத குழந்தை.
“முதலிலிருந்து என்றால்
எங்கிருந்து?” என்றாள்.

செவ்வாய்க்கிழமை இயந்திரம்
பதினொரு மூட்டை பஞ்சு துப்பியது.

பிறகு தேர்தல்.
ஒன்பது பேர் நின்றார்கள்,
ஒருவர் சிங்கி இறால் வேடத்தில்.
மூன்று கட்சித் தலைவர்களும் அடுத்தடுத்த நாள்களில் வந்து
ஹக்பியின் கடையில்
ஒரே மீனைத் தூக்கிப் படமெடுத்துக்கொண்டார்கள்.
மூன்றாம் நாள் அதன் கண்
வெளுத்துப்போயிருந்தது.
வாசனையைத் தொலைக்காட்சி காட்டாது.

துறைமுகத்தைப் பற்றிப் பேசினார்கள்,
ரயிலைப் பற்றி, எல்லைகளைப் பற்றி,
போனவரைப் பற்றி ஆசைதீரப் பேசினார்கள்.
பூட்டிய எங்கள் கதவின் தபால் துளையில்
கடிதங்கள் விழுந்துகொண்டே இருந்தன.
கண்ணாடி வழியே பார்ப்பேன்.
உள்ளே கால் வைக்க எனக்கு உரிமையில்லை.

வாக்குச்சாவடி நீச்சல்குளத்தின் கார் நிறுத்தத்தில்,
ஒரு கேரவன் வண்டிக்குள்.
மழை தகரத்தில் பொரிந்தது.
நூலில் கட்டிய குட்டைப் பென்சில்,
நூல் கடைசிப் பெயர்வரை எட்டவில்லை.
தாளைத்தான் நகர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது.
யாருக்குப் போட்டேன் என்பதை லோர்னாவிடமும் சொல்லவில்லை.
வெளியே வந்தபோது செலாமாவிட்
தள்ளுவண்டிக்குக் குடைபிடித்து நின்றாள்.
அவளுக்கு இங்கே ஓட்டில்லை.
“யார் ஜெயிப்பார்கள்?” என்று கேட்டாள்,
பேருந்து எப்போது வரும் என்று கேட்பதுபோல.

நூற்றுக்கு முப்பத்தாறு பேர் ஓட்டுப் போட்டார்கள்.
விடிகாலை மூன்றேகாலுக்கு, பூப்பந்து மைதானக் கோடுகளின்மேல் நின்று
தாமசின் வீல் நன்றி சொன்னார்.
சிங்கி இறாலுக்கு நானூற்று எண்பது.
அதில் ஒன்று ஃபர்த்தினுடையது
என்று அவரே சந்தையில் அறிவித்தார்.

ஐந்து வாரம் கழித்து அதே கதவு,
புதுப் பெயர்ப்பலகை, ஒழுகாத கெண்டி.
என் மேசையில் ஓர் இளம்பெண்,
காதில் மூன்று வளையம், வெள்ளைத் தாள் தயாராக.
“ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்” என்றாள்.
செலாமாவிட் வாய் திறக்காமல்
என் பக்கம் திரும்பினாள்.

விண்ணப்ப எண்ணைச் சொன்னேன்.
பிறகு தேதி.
பிறகு தூதரகத்தில் அன்று
தொலைபேசியை எடுத்த ஆளின் பெயர்.
அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தி
நிமிர்ந்து பார்த்தாள்:
“நீங்கள் இவருக்கு உறவா?”